கிணற்றில் வெள்ளைத் தண்ணீர்

அக்கா,

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதி எங்கள் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கிணற்றுத் தண்ணீர் பால்போல் வெளுத்துவிட்டது என்றாயே, அது உன் வீட்டுக்கு மேலே நாங்கள் போடும் சாலையின் சிமெண்ட். மலைச்சரிவு இறங்காமலிருக்கத் துளைபோட்டுச் சிமெண்டுக் கரைசலை உள்ளே ஏற்றுகிறோம். எவ்வளவு ஏற்றினாலும் நிறையவில்லை. மலைக்குள் பெரிய பொந்து இருக்கிறது. அது கீழே உன் வீடுவரை போகிறது.

மீட்டிங்கில், வகுப்பில் செய்வதுபோலக் கை தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதம்மா. உங்க அக்கா பாலைக் கொட்டிட்டு மலைமேல பழி போடறாங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பொந்தை அடைக்கும்வரை சரிவின் அடியை வெட்ட வேண்டாம் என்று கெஞ்சினேன். அவர் பொக்லைன் ஓட்டுபவரைக் கூப்பிட்டுவிட்டார். வெட்டினால் சரிவு மொத்தமும் உன் வீட்டின்மேல்தான் இறங்கும்.

வீட்டிலேயே முதல் பட்டதாரி என்று என்னை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாயே. அந்தப் படிப்பு இங்கே செவிடன் காதில் ஊதிய சங்கு.

பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடுதான். ஆனாலும் பிடிவாதம் பிடிக்காதே. பிள்ளைகளோடு இந்த வண்டியிலேயே ஏறி என் அறைக்கு வந்துவிடு.

நீ வரும்வரை இங்கே வெட்டு நடக்காது. பொக்லைன் சாவி என் பையில் இருக்கிறது. எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் வழக்கம்போல வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
நீ பெயர் வைத்த வாயில்லாப் பூச்சி