இரண்டு பக்கமும் கைபிடிக் கம்பி

வைகாசி 14, புதன்

கனடாவிலிருந்து வந்த ஒருவரின் சொகுசுப் படகுக்கு இன்று ஊர்காவற்றுறையில் ஏணி பூட்டினேன். ஏணி ஆயத்தமாகவே வந்திருந்தது. கைபிடிக் கம்பிகளை மட்டும் நான் வளைத்து, இரண்டு பக்கமும் வெல்டிங் செய்தேன். அவர் கம்பியை உலுக்கிப் பார்த்தார்.

"அம்மா ஆரின்ர கையையும் பிடிச்சு ஏறமாட்டா அண்ணை. அதுதான் கம்பி."

என் மனைவியும் அப்படித்தான். போன வருடம் நெடுந்தீவுப் படகில் ஏறும்போது, படகுக்காரன் நீட்டிய கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டாள். தானாகக் கால் வைத்தாள், வழுக்கி விழுந்தாள், இடுப்பு முறிந்தது. அந்தப் படகுக்கு இருபது வருடமாக வெல்டிங் செய்கிறவன் நான்தான். கம்பி போடச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், மனைவி கட்டிலில் கிடந்தபடியே கேட்டாள்:

"பிடிக்கக் கம்பியும் வைச்சனீங்களோ?"

"ஓம்."

"கஸ்டமான வேலையோ?"

"சரியான கஸ்டம்," என்றேன்.

காலையில் தொடங்கியது, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே முடிந்துவிட்டது.