எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி

ஆம்பூர்
29.1.2025

சங்கீதாவுக்கு,

தபஸ்ஸும் எழுதுவது. நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. பதினொரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. அதனால் பள்ளிக்கூட லீவில் எழுதிக்கொண்டது போல மறுபடி காகிதத்துக்கு வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கவியரங்கம் முடிந்ததும் நம் உருது கஜலின் பதிவைப் போட்டார்கள். என் அக்கா மஹ்பூபி மவுத்தான பிறகு அவள் நினைவாக நான் எழுதி, நீ பாடி, ஹபீப் பாய் ஆர்மோனியம் வாசித்தது. முதல் அடி முடியும்வரை கூடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பிறகு, திரும்பத் திரும்ப வரும் அந்த 'கம் கம் ந ஹுவா' தொடர் வந்தது. நான் எழுதியதற்கு 'துயரம் குறையவில்லை' என்று அர்த்தம். நீ பாடியிருப்பதற்கு 'குறைவு குறையவில்லை' என்று அர்த்தம். தமிழ் எழுத்தில் எழுதினால் துயரமும் 'கம்', குறைவும் 'கம்'. தொண்டையை உரசிக்கொண்டு வரும் 'க' போட்டால்தான் துயரம். சாதாரண 'க' போட்டால் நாம் தினம் சொல்கிற கம்மி. இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதானே ஆறாம் வகுப்பிலேயே, உரசும் எழுத்துக்குக் கீழே புள்ளி வைக்க ஆரம்பித்தோம்?

ஐந்து இடத்திலும் கம்மி என்றே பாடியிருக்கிறாய். மைக்செட் சுஹேல் அகமது சும்மா இருப்பாரா? "இன்னாமா, கம்மி கம்மின்னு பாடுது? பிரியாணி கம்மியா?" கூடமே சிரித்தது. அக்கா மகள் ஆஃப்ரீன் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஊரெல்லாம் கேட்கப்போகிற பதிவு இது. அந்த ஒரு சொல்லை மட்டும் மறுபடி பாடினால் ஒட்டிவிடலாம், அரை மணி நேர வேலை என்கிறார் ஸ்டுடியோ கோபி. வந்து பாடிக்கொடு. இல்லையென்றால் வேறு யாரையாவது பாட வைப்பேன்.

தபஸ்ஸும்


சத்துவாச்சாரி
3.2.2025

அன்புள்ள தபஸ்ஸும்,

நீ எழுதிக் கொடுத்த தாளையே இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே பார். புள்ளி எங்கே இருக்கிறது?

எனக்கு உருது தெரியாது. முப்பது வருஷமாக உன் புள்ளியைப் பார்த்துத்தான் பாடி வருகிறேன். நீ வைக்காத புள்ளியை நான் எப்படிப் பாடுவேன்? பழியை மட்டும் என் தலையில் கட்டுகிறாய்.

அன்றைக்கு ஒன்பது முறை பாடினேன். ஹபீப் பாய் விரல் வலிக்கிறது என்று சொல்லும்வரை பாடினேன். ஒன்பதாவதுதான் முழுசாக வந்தது. அதைக் கேட்டுவிட்டு நீ போனில் அழுதாயே, அப்போது இந்தக் கம்மி உன் காதில் விழவில்லையா? கூடத்தில் நாலு பேர் சிரித்த பிறகுதான் விழுந்ததா?

மறுபடி பாட வர இப்போது தோதுப்படாது. வேறு யாரையாவது பாட வைப்பேன் என்று ஒரு வரியில் சுலபமாக எழுதிவிட்டாய். அதை நான் நாலு தடவை படித்தேன்.

ஆஃப்ரீனை நான் கேட்டதாகச் சொல்.

சங்கீதா


ஆம்பூர்
7.2.2025

சங்கீதா,

உண்மைதான். ஸ்டுடியோவிலிருந்து நீ அனுப்பியதைக் கேட்டபோது என் காதில் அந்தச் சொல் விழவில்லை. அக்காதான் விழுந்தாள். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை நீ மறந்துவிட்டாய். ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக செக்கிங் டேபிளில் நிற்கிறேன். தோலில் ஊசி முனை அளவு பழுது இருந்தாலும் கண்டுபிடித்துத் தள்ளிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். உன் தாளைக் கொண்டுபோய் அந்த மேசை விளக்கில் பிடித்தேன். ஐந்து இடத்தில் காகிதம் மெலிந்திருக்கிறது. பிளேடால் சுரண்டியிருக்கிறாய்.

மறந்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். இதை எப்படி விடுவது? ஒவ்வொரு புள்ளியாகச் சுரண்டும்போது உனக்கு அக்காவின் முகம் ஞாபகம் வரவில்லையா? ரமலானில் உனக்கென்று தனித் தூக்கில் கஞ்சி கொண்டு வந்தவள் அவள்.

பேரணாம்பட்டு லுப்னாவிடம் பேசிவிட்டேன். 22-ம் தேதி வந்து முழுப் பாட்டையும் பாடுகிறாள். உன் பதிவை அழிக்கச் சொல்லிவிட்டேன். இனி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

தபஸ்ஸும்


சத்துவாச்சாரி
12.2.2025

அன்புள்ள தபஸ்ஸும்,

சுரண்டியது நான்தான். காய்கறி நறுக்கும் பலகையில் வைத்துச் சுரண்டினேன். அக்காவின் முகம் வந்தது. வந்தும் செய்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

நிஜமாகவே வாயில்லை. அதைத்தான் உன்னிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். என் குரல்நாணில் கடுகளவு ஒரு கட்டி இருக்கிறது. 20-ம் தேதி பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்கள். அதுவரை பாடவே கூடாது, பேசவும் கூடாது என்று உத்தரவு. போனை எடுக்காதது அதனால்தான். வாட்ஸ்அப்பில் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் ஏன் பேசவில்லை என்று நீ கேட்டிருப்பாய்.

கட்டி இருப்பது ஸ்டுடியோவுக்கு வந்த அன்றே எனக்குத் தெரியும். உன் புள்ளிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. முதல் எட்டு முறையும் சரியாகவே பாடினேன். ஆனால் மேல் ஷட்ஜத்தில், தொண்டையை உரசி அந்த எழுத்தைத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் குரல் உடைந்தது. ஒன்பதாவது முறை வெறும் 'க' போட்டேன். உடையாமல் நின்றது. கோபிக்கும் ஹபீப் பாய்க்கும் நல்ல டேக் கிடைத்த சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு வந்துவிடும், பாட்டு எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். உடையாத குரலில் ஒரே ஒரு பதிவு எனக்கு மிஞ்சட்டும் என்று ஆசைப்பட்டேன், தபஸ்ஸும். அதற்கு உன் அக்காவின் பாட்டை எடுத்துக்கொண்டேன்.

லுப்னா நன்றாகப் பாடுவாள். அவளுக்கு உருது வீட்டு பாஷை. என் பதிவை அழிக்கத்தான் வேண்டும் என்றால் அழித்துவிடு. அழித்த பிறகு எனக்குச் சொல்லாதே.

சங்கீதா


ஆம்பூர்
17.2.2025

அன்புள்ள தோஸ்த்,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். படித்த பிறகு நான் பார்த்த பத்து ஜோடியில் ஆறு திரும்பி வந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கட்டியை மறைத்ததற்கு உன்னை நேரில் வந்து கிள்ள வேண்டும். கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். கம்மியாகியிருக்கிறது.

நேற்று அதே கூடத்தில் எழுந்து நின்று, புள்ளி வைக்க மறந்தது நான்தான், பாடகி மேல் தப்பில்லை என்று சொன்னேன். "எழுதுனவங்களே இப்டியா?" என்று சுஹேல் சிரித்தார். நன்றாகச் சிரிக்கட்டும். நீ பிளேடால் செய்ததை நான் வாயால் செய்துவிட்டேன். ஆஃப்ரீனிடம் மட்டும் நிஜத்தைச் சொன்னேன். அவள் உன் பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். ஆமாம், அழிக்க வேண்டாம் என்று கோபியிடம் சொல்லிவிட்டேன், அது பத்திரமாக இருக்கிறது. ஆனால் வெளியே விடப்போவதில்லை. லுப்னாவையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம். துயரத்துக்கு உருதுவில் 'துக்' என்றும் ஒரு சொல் உண்டு. அளவு அப்படியே பொருந்துகிறது, அடி உடையவில்லை. தொண்டையை உரச வேண்டியதே இல்லை. அக்காவுக்கென்று எழுதிய சொல்லை எடுத்துவிட்டு இதை வைக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இப்போது தொடர் இது:

துக் கம் ந ஹுவா.

இதில் புள்ளியும் இல்லை, உனக்குச் சுரண்டும் வேலையும் இல்லை. அவசரப்பட்டுப் பாடிவிடாதே. குரல் வந்தால் பாடு. வரவில்லை என்றால் இது யாருக்கும் கிடையாது. 20-ம் தேதி வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன்.

உன்
தபஸ்ஸும்


சத்துவாச்சாரி
9.3.2025

அன்புள்ள தபஸ்ஸும்,

நோன்பு எப்படிப் போகிறது? வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது, மேசை வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்ப் படு.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நீ கிள்ளிய இடம் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் சத்தமே எழுப்பவில்லை. உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைக்காமல் பாடிக்கொண்டிருந்தேன்.

போன வியாழன் டாக்டரம்மா ஏதாவது ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள் என்றார். நான் "துக்கம்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் மூர்த்தி பதறிப்போய், "இன்னா சங்கீதா, எல்லாம் நல்லாதான ஆயிருக்குது" என்றார். தாளில் நீ பிரித்துப் பிரித்து எழுதியது வாயில் ஒட்டிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்வேன்?

குரல் கரகரவென்றுதான் இருக்கிறது. மேல் ஷட்ஜம் எட்டுமா என்பது ஜூன் மாதம்தான் தெரியுமாம். பயமாக இருக்கிறது. உன்னிடம் இனி எதையும் மறைக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மீதியையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். துக்கம் ந ஹுவா. உன் பாஷையில் துயரம் குறையவில்லை. 'ந ஹுவா' என்றால் ஆகவில்லை; என் காதுக்கு, துக்கம் ஆகவில்லை. ஐந்து இடத்தில் வருகிறதே, எந்த இடத்தில் எதை நினைத்துப் பாடட்டும்? நீதான் புள்ளி வைத்துத் தர வேண்டும்.

உன்
சங்கீதா