"வெடிமருந்துப் பணியில் அனுபவம்" என்று நான் எழுதிய பொய்யை நீக்கக் கோரி

அனுப்புநர்:
இறந்த படைவீரரின் அக்கா,
கடைசி வரிசை, கல் குவாரித் தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள்,
படைப்பிரிவுத் தலைமை அலுவலகம்.

பொருள்: என் தம்பியின் மரண அறிக்கையைத் திருத்துவதும், அவன் நண்பனைத் திங்கட்கிழமைக்குள் கண்ணிவெடி அகற்றும் பணியிலிருந்து விடுவிப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த மாதம் பத்தொன்பதாம் தேதி எல்லையில் கண்ணிவெடி அகற்றும்போது இறந்த இருபது வயது வீரன் என் தம்பி. "முன் அனுபவம் இருந்தும் கவனக்குறைவால் மரணம்" என்கிறது தங்கள் அறிக்கை. அவனுக்கு அந்த அனுபவம் கிடையாது. இருப்பதாகப் படையில் சேரும் விண்ணப்பத்தில் எழுதியது நான்.

2. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். குடியிருப்பில் யாருடைய விண்ணப்பமும் என்னிடம்தான் வரும். தம்பி குவாரியில் வெடி வைத்ததில்லை. வெடிக்கு முன் சாலையில் நின்று விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்துவதே அவன் வேலை. அதனால் அவன் பெயரே "விசில்" ஆகிவிட்டது. ஒருமுறை முதலாளியின் காரையே நிறுத்திவிட்டு, "பறந்து வர்ற கல்லுக்கு முதலாளி யாருன்னு தெரியுமா சார்?" என்று கேட்டவன். படிவத்தில் "விசில் ஊதுதல்" என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. "வெடிமருந்துப் பணியில் இரண்டாண்டு அனுபவம்" என்று எழுதினேன்.

3. மற்றவர்களுக்கு ஆறு வாரம் தந்த கண்ணிவெடிப் பயிற்சியை, அனுபவசாலி என்று அவனுக்கு இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். தனக்கு எதுவும் தெரியாது என்று அவன் சார்ஜென்டிடம் சொல்லியிருக்கிறான். "சம்பளம் வாங்கறப்ப தெரிஞ்சுது, குழிகிட்ட வந்ததும் மறந்துபோச்சா?" என்று கேட்டு, மண்வெட்டிப் பிடி முறியும்வரை சார்ஜென்ட் அடித்திருக்கிறார். அன்று தம்பி போனில் சிரித்தான். "முன்பல்லு போச்சுக்கா. இனிமே ஊதினா காத்துதான் வரும்." பிறகு, "நீ எழுதினத யார்கிட்டயும் சொல்லிடாத. உனக்கு வேலை கிடைக்காம போயிடும்" என்றான். நானும் சொல்லவில்லை.

4. அடி வாங்கிய நான்காம் நாள் அவன் தோண்டிய இரண்டாவது வெடி வெடித்தது; நண்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டு கால்களும் தொடையோடு போயின. இருபதடி பின்னால் நின்ற நண்பன் ஓடப் பார்த்தபோது, களத்துக்குள் யாரும் போகக் கூடாது என்று சார்ஜென்ட் அவன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்தார். நாற்பது நிமிடம் தம்பி தன் ரத்தத்திலேயே கிடந்து கத்தினான். அதன் பிறகு கத்தவில்லை.

5. "திறக்க வேண்டாம்" என்று சொல்லிச் சவப்பெட்டியைத் தந்தார்கள். அப்பா கடப்பாரையால் நெம்பித் திறந்தார். இடுப்புக்குக் கீழே மணல் மூட்டை வைத்திருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முன்பல் மட்டும் இல்லை. "வெடி வந்து பல்லை மட்டுமா புடுங்கிட்டுப் போகும்?" என்று அம்மா கேட்டார். உடன் வந்த அதிகாரி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

6. தம்பிக்கு விண்ணப்பம் எழுதிய அன்று நான் நிரப்பியது இரண்டு படிவங்கள். மற்றொன்று அந்த நண்பனுடையது. அவன் குவாரியில் தண்ணீர் லாரி ஓட்டியவன். அவனுக்கும் அதே வரியை எழுதினேன். நேற்று போன் செய்தான். "அக்கா, திங்கக்கிழமை மிச்சத்த நான் தோண்டணுமாம். தெரியாதுன்னு சொன்னா, உன் கூட்டாளி கெடந்தத பாத்தல்லன்னு சார்ஜென்ட் கேக்கறாரு." அவன் அம்மா எங்கள் பக்கத்து வீடு. மகன் தோண்டப் போவது அவருக்கு இன்னும் தெரியாது.

7. குவாரி வருகைப் பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன். தம்பியின் பெயருக்கு நேரே "கொடி" என்றும், நண்பனின் பெயருக்கு நேரே "லாரி" என்றும் இருப்பதைப் பார்க்கலாம். "கவனக்குறைவு" என்ற சொல்லை நீக்கி, சார்ஜென்ட் மீது விசாரணை நடத்த வேண்டுகிறேன். அதற்கு நாளானாலும் காத்திருக்கிறோம். நண்பனை மட்டும் திங்கட்கிழமைக்குள் களத்திலிருந்து திரும்ப அழைத்துவிடுங்கள். பொய் எழுதியதற்கு என்மேல் வழக்குப் போட்டால் மறுக்காமல் வந்து நிற்பேன். தனக்குத் தெரியாது என்று அவன் சொல்வதைத் தயவுசெய்து நம்புங்கள், ஐயா. தெரியும் என்று எழுதியவள் நான்தான்.

இடம்: குவாரிக் குடியிருப்பு
நாள்: 09.03.2019, சனிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
இரு விண்ணப்பங்களையும் எழுதியவள்