பேரன் தலைமேல் சத்தியம்

இராயபுரம்,
19-9-57, வியாழக்கிழமை.

என் அன்பு மகள் செல்லம்மாவுக்கு உன் நைனா தேசப்பன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் பச்சைப்பிள்ளையும், மாப்பிள்ளையும், பிரசவத்துக்கு வந்து அங்கேயே தங்கியிருக்கும் உன் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும்.

எழுத்தைப் பார்த்தாயா? இது போஸ்டாபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவர் எழுதியது இல்லை. நானே எழுதுகிறேன்! எங்கள் ஹார்பர் தொழிலாளர் சங்கத்தில் நடத்தும் மாலைப் பள்ளிக்கு ஏழு மாதமாகப் போகிறேன். வரலட்சுமி டீச்சர், "இன்னா பெரியவரே, எழுத்தெல்லாம் மூட்டை தூக்கினு நடக்கிற மாதிரி சாஞ்சுகினு கீது?" என்று சிரிக்கிறார். ஹார்பரில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினவன் எழுத்து வேறு எப்படி இருக்கும்? காலையில் உட்கார்ந்தேன், இதற்குள் வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. இன்னொரு மனிதரிடம் சொல்லி எழுதவைக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். பிள்ளைக்குப் பேர் வைக்கும் நாளில் நான் கோலாருக்கு வரலாம், ஆனால் பெரியவர்கள் முன்னால் பிள்ளை தலைமேல் கை வைத்து, இனிமேல் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் வரவேண்டாம் என்று மாப்பிள்ளை கோதண்டம் சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் மேல் குற்றம் இல்லை. உன் கல்யாணப் பந்தலில் நான் விழுந்து கிடந்ததை அவர் பார்த்தவர்.

டீக்கடைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. குடியை நிறுத்த நினைப்பவர்கள் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வரலாம், பேர் சொல்ல வேண்டாம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தையல் கடை மாடி என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். குடித்தாலே ஜெயில் என்கிற காலத்தில், குடிக்கிறேன் என்று போய்ச் சொல்வதற்கு ஒரு கூட்டமா? போலீஸ் வைத்த கண்ணி என்றே நினைத்தேன். மூன்று தடவை வாசல் வரை போய்த் திரும்பினேன். நான்காவது தடவை ஏறிவிட்டேன். உள்ளே நாலு பேர். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அந்தத் தையல்காரர் இக்னேஷியஸ் சிரித்துவிட்டார். "பெரியவரே, நீ மப்டி போலீஸுன்னு நாங்க நெனச்சுகினு கீறோம்" என்றார்.

அவர் வார்னிஷ் குடித்துக் கண் பாதி போனவர். அங்கே உபதேசம் கிடையாது. அவரவர் செய்ததை அவரவர் சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஐந்து வாரமாகப் போகிறேன். நேற்று என் முறை வந்தது. எல்லாரும் அழுகிற கதையே சொல்கிறார்களே, நாம் சிரிக்க வைப்போம் என்று பழைய கதை ஒன்றைச் சொன்னேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. உன் அம்மா அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, உன் தலையில் அடித்து என்னைச் சத்தியம் செய்யவைத்தாள். நாலாம் நாள் மருந்துக்கடை டிங்சரைக் குடித்துவிட்டு வந்தேன். நீ வாசலில் நின்று, "நைனா, நான் இன்னிக்கே செத்துப்பூடுவனா?" என்று கேட்டாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் ஹார்பரில் இதைச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். நேற்று மாடியில் ஒருவரும் சிரிக்கவில்லை.

அங்கே வருகிறவர்களில் ஒருவன், கப்பலில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற ரஷீது, அப்படி எத்தனை தடவை சத்தியம் செய்தாய் என்று கேட்டான். ஆறு தடவை என்றேன். "அப்போ ஆறு தபா அந்தப் பொண்ணு சாவுக்குக் காத்துகினு இருந்துது, இல்ல?" என்றான்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது, செல்லம்மா. அந்த நாட்களில் உனக்குச் சோறு இறங்காது. திருஷ்டி என்று உன் அம்மா உப்பு மிளகாய் சுற்றிப் போடுவாள். நான் குடித்ததை யாரிடமும் சொல்லாமல், பாட்டிலை நீயே கொண்டுபோய்க் கடலோரம் புதைத்துவிட்டு வருவாய். யாருக்கும் தெரியாவிட்டால் சத்தியம் பலிக்காது என்று நினைத்தாயோ என்னவோ. என்னைக் காட்டிக்கொடுக்காத கெட்டிக்காரி என்று அப்போது உன்னை மெச்சினேன்.

அதனால் நான் வரவில்லை. பிள்ளை தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்யமாட்டேன். மாப்பிள்ளையிடம், கிழவனுக்குத் திமிர் என்றே சொல்லிவிடு. உன் அம்மா திட்டினால் திட்டட்டும். வேறு யாரும் வந்து அந்தத் தலைமேல் எதற்காகவும் சத்தியம் செய்ய நீ விடாதே. அவன் விளையாடட்டும், வயிறு நிறையத் தின்னட்டும், நூறு வயது இருக்கட்டும்.

இன்று நான் குடிக்கவில்லை. இந்தக் கடிதம் அங்கே வந்துசேர மூன்று நாள் ஆகும் என்கிறார்கள். நீ படிக்கிற அந்த நாளைக்கு நான் பொறுப்புச் சொல்ல முடியாது, மகளே. நீ கேட்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் நைனா
தேசப்பன்