அம்மா தொடாத சமையல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், நீயும் நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நலம் என்று எழுதினால் பொய், அதனால் எழுதவில்லை. நீ போனை எடுக்காததால் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நேற்று டாக்டர் அம்மாவை எடை பார்த்தார், ஒரே மாதத்தில் ஆறு கிலோ இறங்கியிருக்கிறது, இந்த உடம்பு மருந்து தாங்காது, புற்றுநோய் ஊசியைப் பத்து நாள் தள்ளிவைக்கிறேன், வீட்டில் சாப்பாடு போடுகிறீர்களா இல்லையா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நர்ஸ் முன்னால் என்னைக் கேட்டார். தொழிற்சாலை கேன்டீனில் முப்பது வருஷமாய் நானூறு பேருக்குச் சமைக்கிறவனைப் பார்த்து.

ஏன் சாப்பிடுவதில்லை என்று வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டால் உன்னைக் கை காட்டுகிறாள். உன் ஆய்வுக்கூடத்தில் புற்றுநோய்ச் செல்லைச் சோதனைத் தட்டில் வளர்க்கிறார்களாம், சமையல் எண்ணெயில் இருக்கிற ஒரு கொழுப்பு அமிலத்தை ஊற்றினால் அது நன்றாய் ஒட்டிப் பரவுகிறதாம், மீன் எண்ணெயில் இருப்பதை ஊற்றினால் ஒட்டாமல் நழுவுகிறதாம். நீ பெருமைக்குச் சொன்னதை அவள் வேதவாக்காய்ப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து நான் சமைத்ததைத் தொடுவதில்லை. மீன் எண்ணெய் மாத்திரை காலையில் நாலு, மாலையில் நாலு, நடுவில் வெறும் வெந்த காய் இரண்டு வாய். உங்க எண்ணெய்ச் சட்டிதான் என்னை இந்தக் கதிக்குக் கொண்டாந்துச்சு, எம்பொண்ணே கண்டுபிடிச்சிருக்கா என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். தட்டில் நடப்பதை வைத்து உடம்பைச் சொல்ல முடியாது, உங்கள் சமையலால் வந்தது என்றும் சொல்ல முடியாது, இந்த மாத்திரையால் போகும் என்றும் சொல்ல முடியாது, முதலில் வயிறு நிறையச் சாப்பிடட்டும் என்றார். நான் சொன்னால் அவளுக்கு ஏறுமா? நீ படித்தவள், நான் கரண்டி பிடிக்கிறவன். எம்பொண்ணு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம் என்கிறாள்.

அதற்குத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். செல்லுக்குத் தீனி மாத்தணும்ப்பா, நேரம் தவறினா செத்துடும் என்று ஒரு தடவை வைத்துவிட்டாய், மற்ற இரண்டு தடவை எடுக்கவே இல்லை. தட்டில் இருக்கிற நோய்க்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறாய் கண்ணு, அம்மா சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கிருந்தாலும் நல்லா இரு, உடம்பைப் பார்த்துக்கொள். இன்றைக்கே அம்மாவைக் கூப்பிட்டு, எல்லாம் சாப்பிடலாம் என்று சொல். என்னை நல்லவனாக்க வேண்டாம், அப்பா சமையல்தான் காரணம் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும். கீழ்வீட்டு அம்மாவிடம் பேசிவிட்டேன், நான் சமைத்ததைத் தான் சமைத்ததாகச் சொல்லி அவர் கொண்டுவந்து கொடுப்பார். அதைச் சாப்பிடச் சொல், போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா