அரசலாறு இங்கிலாந்து போன கதை

மரியே வாழ்க

கோவில்பத்து, காரைக்கால்
14 ஜனவரி 2025

கடல் கடந்து கீர்த்தி பரப்பும் என் மருமகள் பெனிட்டாவுக்கு,

உன் டைட்டஸ் மாமா, உன் அம்மா சலோமி, மாடிப்படியில் குட்டி போட்டிருக்கும் பூனை ஆகிய அனைவரும் சுகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் நான் ஒரு புளுகை எடுத்துவிட்டால் நீ நடுவில் சிரித்துவிடுகிறாய், கட்டிய கோட்டை சரிந்துவிடுகிறது. காகிதம் சிரிக்காது.

உன் யூனிவர்சிட்டியைப் பற்றி நீ எழுதிய விவரங்களைப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சற்றே விரித்துச் சொன்னேன். எட்டு மாடி நூலகத்தை எண்பதாக்கினேன். மேல்மாடிக்குப் புத்தகம் எடுக்கப் போகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவதாகவும் தெரிவித்தேன். நூறு வருஷத்துக்கு முன் யூனிவர்சிட்டி தொடங்க இங்கிலாந்து ராஜா சாசனம் எழுதிக் கொடுத்ததைச் சொல்லும்போது, அவர் பேனாவுக்கு மை தொட்டுக் கொடுத்தது உன் கொள்ளுத்தாத்தாதான் என்று தானாக வாயில் வந்துவிட்டது. வேந்தர் வருஷத்துக்கு ஒருமுறை ஜரிகை அங்கியில் வந்து பட்டம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், வேலையெல்லாம் துணைவேந்தர் தலையில் என்றேன். எல்லாரும் நம்ம திருவிழாக் கமிட்டித் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

நீ ஆராய்ச்சிக்குக் கேட்ட மண், உன் யூனிவர்சிட்டி ஆட்கள் கொடுத்த அனுமதிச் சீட்டு ஒட்டி, இத்துடன் வருகிறது. அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நானே எடுத்தது. ஒரு சுறா எதிரே வந்தது. ஆளைப் பார்த்துவிட்டு வழிவிட்டது. அள்ளியதை அப்படியே அனுப்பினால் ஊர் மானம் என்னாவது? உன் அம்மா மூன்று தண்ணீர் அலசி, பழைய புடவையில் காயவைத்து, மாவு சல்லடையில் சலித்துக் கொடுத்தாள். கிளிஞ்சல் இல்லை, நண்டு ஓடு இல்லை. இட்லியே வார்க்கலாம். இருநூறு வருஷம் ஆண்ட பிரெஞ்சுக்காரனால் அரசலாற்றை பாரிசுக்குக் கொண்டுபோக முடிந்ததா?

செப்டம்பரில் படிப்பு முடிந்து வந்துவிடுவாய் என்று மாடி அறைக்கு நீல வண்ணம் அடித்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் எது கடல், எது சுவர் என்று தெரியாது.

உன் பெருமைக்கெல்லாம் காரணமான
டைட்டஸ் மாமா


20 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்க.

எங்க யூனிவர்சிட்டியில் பள்ளிக்கூட மைதானம் அளவு ஒரு கூடம் இருக்கு. நடுவில் நீளமான தொட்டி. ஒரு முனையில் ஆறு விடுவோம், மறுமுனையில் கடல் ஏறி இறங்கும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே வெளியே இருட்டிவிடும். உள்ளே விளக்கெல்லாம் தண்ணீரில் அசைந்துகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவர்கள் இந்த ஊர் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம், நான் பேர் கேட்டிராத நாட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அரசாங்க யூனிவர்சிட்டி, எல்லாருக்கும் கதவு உண்டு. பாடம் பாதி, ஆராய்ச்சி பாதி. கொஞ்ச நேரம் நின்றால் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே மறந்துபோகும்.

மண்ணைத் தொட்டியில் கொட்டிய பிறகுதான் மாமா உங்க கடிதத்தைப் படித்தேன். நம்ம முகத்துவாரத்தில் மண்திட்டு விழுமே, அது ஏன் விழுது என்பதுதான் என் ஆராய்ச்சி. இந்த மண்ணில் திட்டு நிற்கவே இல்லை. வழுக்கிக்கொண்டு போய்விடுது. சேறும் கிளிஞ்சலும்தான் அதைப் பிடித்து நிறுத்துது என்று நினைக்கிறேன், அதைத்தான் நீங்க எடுத்துவிட்டீங்க. பேராசிரியர் உங்க கடிதத்தை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். இவ்வளவு மரியாதையாக நடத்தப்பட்ட மண்ணை அவர் பார்த்ததே இல்லையாம்.

இன்னொரு தடவை அனுப்புங்க. அலசாம, சலிக்காம. இது சரியாக வந்தால் மூன்று வருஷம் ஆராய்ச்சிக்கு இங்கேயே இடம் கொடுப்பாங்க. வராவிட்டால் செப்டம்பரில் வீட்டுக்கு வந்துவிடுவேன். எது நடந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உங்க
பெனிட்டா


மரியே வாழ்க

கோவில்பத்து
16 மார்ச் 2025

மகா புளுகி பெனிட்டாவுக்கு,

காரைக்கால் வட்டாரத்தில் புளுகுக்கு நான்தான் சக்கரவர்த்தி என்று இறுமாந்திருந்தேன். "எது நடந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்று ஒரு வரி எழுதினாயே, அன்றே கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். போன வருஷம் "இவங்க யூனிவர்சிட்டி" என்று எழுதினவள் இப்போது "எங்க யூனிவர்சிட்டி" என்கிறாய். கவனித்தேன்.

உன் கடிதத்தைச் சலோமிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் ஆற்றுக்குப் போய் வாளி நிறையச் சேறு அள்ளி வந்து கொல்லையில் வைத்தேன். இதை வேறு யாரிடமும் சொல்லாதே: கை தானாகப் போய்ச் சல்லடையை எடுத்தது. ஒரே ஒரு சலிப்பு, செப்டம்பரில் நீ மாடி அறையில். எந்தத் துணைவேந்தர் வந்து கண்டுபிடிக்கப் போகிறார்?

உன் அம்மா வந்தாள். என் கையிலிருந்து சல்லடையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"அந்தப் புள்ளையோட ஆறு ஓடட்டும், அண்ணே" என்றாள்.

அவ்வளவுதான். பிறகு வாளியை அவளே தூக்கி வந்து டப்பாவில் போட்டாள். நண்டுக் கொடுக்கு, கிளிஞ்சல், வேர், அறுந்த வலையின் நீல நூல் என்று அரசலாறு குடும்பத்தோடு கிளம்பி வருகிறது. பார்சல் ஆபீசில் வாடை தாங்காமல் வரிசையே கலைந்து எனக்கு வழிவிட்டது. அரசர்களுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது.

முடியிழந்த
டைட்டஸ் மாமா


2 மே 2025

மாமா,

டப்பாவைத் திறந்ததும் கூடம் முழுக்க நம்ம ஊர் வாசனை. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் நாள் திட்டு விழுந்தது. அதன் மேல் உங்க நீல நூல் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தது. ஆறு திட்டைச் சுற்றி, நம்ம ஊரில் போகிற மாதிரியே வளைந்து கடலுக்குள் போனது. எல்லாரும் தொட்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றாங்க.

இடம் கிடைத்துவிட்டது மாமா. அக்டோபரிலிருந்து. கிறிஸ்துமஸுக்கு வருவேன். அம்மாவிடம் நீங்களே சொல்லுங்க. எனக்குத் தைரியம் இல்லை.

பெனிட்டா


மரியே வாழ்க

கோவில்பத்து
25 மே 2025

டாக்டர் ஆகப்போகும் பெனிட்டாவுக்கு,

சொன்னேன். "தெரியும்" என்றாள்.

டீக்கடையில் வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை உள்ளபடி சொன்னேன். நம்ம அரசலாறு இங்கிலாந்தில் ஒரு கட்டடத்துக்குள் ஓடுகிறது, அங்கேயே கடலில் சேருகிறது, கரையில் என் மருமகள் நிற்கிறாள் என்றேன். ஒரு ஆள்கூட நம்பவில்லை. எண்பது மாடியை நம்பினவர்கள்.

மாடி அறையில் பூனை குடும்பத்தோடு குடியேறிவிட்டது. கிறிஸ்துமஸுக்குக் காலிசெய்ய ஒப்புக்கொண்டிருக்கிறது. சாயங்காலமானால் உன் அம்மா முகத்துவாரத்துக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். தண்ணீர் உன் பக்கம்தான் போகிறது என்று நினைப்பு. நேற்று நானும் போனேன். வெயில் இறங்கி, ஆறு எது, கடல் எது என்று தெரியாத நேரம். இதற்கு மேல் போகாதே, சுறா வரும் என்று பயமுறுத்தினேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வழிவிடும், அண்ணே" என்றாள்.

டைட்டஸ் மாமா