நாற்பது சென்டிமீட்டர்

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

நலம்தானே? வரைபட மேசைமுன் உட்கார்ந்து உட்கார்ந்து என் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது. நீ காத்திருக்கும் செய்தியை முதலில் சொல்கிறேன்: நம் வீடு தப்பித்தது.

நாம் பிறப்பதற்கு முன் மண் கொட்டி மூடிய ஏரியை மறுபடி திறக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது என்று சொன்னேனே, அதை வரைவது நான்தான். வண்டல் தங்க ஒரு சிறு குட்டை, நீர் தெளியக் கோரைப்புல், துவைக்கவும் உட்கார்ந்து வம்பு பேசவும் கரையில் படிகள். அங்குள்ளவர்கள் முன்பு தண்ணீரோடு எப்படிப் புழங்கினார்களோ அப்படியே அமையட்டும் என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்தேன். ஏரி நிறைந்தாலும் நீரின் எல்லை நம் வரிசை வீடுகளுக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

அம்மாவை ஆறு வருடம் நீ ஒருத்தியே பார்த்துக்கொண்டாய். நான் படிப்பு, வேலை என்று தூரத்தில் இருந்துவிட்டேன். "வீட்டைச் சின்னவளுக்கு விட்டுடும்மா" என்று அம்மா கடைசியாகக் கேட்டதையாவது செய்ய முடிந்ததே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

வீடு தப்பித்தது சரி. வீட்டுக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

முன்னறைச் சுவரில், என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஓர் ஈரக் கோடு. முதலில் ஒரு சாண் நீளம்தான் இருந்தது. இப்போது எல்லா அறைகளையும் சுற்றி வந்துவிட்டது, இந்த வெயிலில்! குழாய் எதுவும் ஒழுகவில்லை. மோந்து பார்த்தேன், பாசி வாசனை.

நீ சிரிப்பாய். படித்தவள்.

வாலு

மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம்தான். பழைய செங்கல் நிலத்து ஈரத்தை உறிஞ்சும், அவ்வளவுதான். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டு. நீ தனியாக இருந்து இருந்து சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டாய்.

உன் அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கொத்தனார் வந்தார். தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் டியூப் ஒன்றால் மட்டம் பார்த்தார். ஒரு முனையை முன்னறைக் கோட்டில் பிடித்தால், மறுமுனையில் தண்ணீர் சமையலறைக் கோட்டில் மயிரிழை பிசகாமல் நிற்கிறது.

"ஓதம்னா மேலயும் கீழயுமாத்தான் ஏறும்மா. இது யாரோ மட்டம் பாத்துப் போட்டது. முப்பது வருஷமா வேலை பாக்குறேன், நானே இவ்ளோ நேரா போட்டதில்ல" என்றார்.

பிறகு திரைச்சீலையைப் பார்த்தார். போட்ட டீயைக் குடிக்கவில்லை, டியூபையும் எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்பிவிட்டார்.

திரைச்சீலையிலும் கோடு இருக்கிறது, அக்கா. பீரோவில் இருக்கிறது. அம்மா படுத்திருந்த கட்டிலின் கால்களில் இருக்கிறது. நேற்றிலிருந்து என் கெண்டைக்காலிலும். சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தரையிலிருந்து அளந்தேன். நாற்பது சென்டிமீட்டர். உன் வரைபடத்தில் எங்காவது இந்த எண் இருக்கிறதா?

வாலு

ஏப்ரல் 5

வாலு,

இருக்கிறது.

நம் வரிசையின் தரைமட்டத்தை நாற்பது சென்டிமீட்டர் கூட்டி எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால், ஏரி நிறையும்போது பன்னிரண்டு வீடுகளுக்குள்ளும் அவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்துவிடும். எல்லோருக்கும் மாற்று இடம் கொடுத்து வீடுகளை எடுத்துவிடுவார்கள். அந்த அளவு மழை எப்போதோ ஒருமுறைதான் வரும். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும். உனக்கு நான் செய்யாமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து இந்த ஓர் எண்.

இருபதாம் தேதி வரைபடம் கையெழுத்தாகிவிடும். அதன்பின் யாரும் கேட்கப்போவதில்லை. நீ சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடு.

இன்னொன்று. நீர் எல்லையைக் காட்ட வீடுகளுக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் அடித்திருக்கிறோம். ஒரு வாரமாக, காலையில் போய்ப் பார்த்தால் அவை நம் வாசலுக்கு முன்னால், தெருவில் நிற்கின்றனவாம். சர்வேயர் புலம்புகிறார்: "மேடம், குச்சிக்குக் கால் மொளச்சிருக்கு. சொன்னா என்னைக் குடிகாரன்றாங்க." அவர் குறித்து அனுப்பிய இடத்தை வரைபடத்தில் அளந்து பார்த்தேன். உண்மையான எல்லை அதுதான். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

குச்சிகளுக்குப் பயப்படாதே. நட்டது நான்.

கொத்தனார் விட்டுப்போன டியூபின் ஒரு முனையைச் சுவர்க் கோட்டில் ஆணியடித்துக் கட்டினேன். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி மேட்டுப்பக்கம் நடந்தேன். டியூபின் நீர்மட்டம் எங்கே தரையைத் தொட்டதோ, அங்கே ஒரு குச்சி. உன் சர்வேயரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். குச்சிகள்தான் என் வேலை. கோட்டை நான் போடவில்லை.

தண்ணீர் வரப்போகிறது என்று முதலில் கேள்விப்பட்ட அன்று, பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். பிறகு வீடு தப்பித்தது என்று எழுதினாய். இந்த வீடு வேண்டுமா என்று நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. நீங்கள் வீட்டை எனக்குத் தரவில்லை, அக்கா. என்னைத்தான் வீட்டுக்குத் தந்தீர்கள்.

என்னை விடு. மற்ற பதினொரு வீடுகளிலும் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். எண்ணைத் திருத்து.

நான் கிளம்புகிறேன். எங்கே என்று எழுதப்போவதில்லை.

உன் தங்கை

நவம்பர் 19

என் வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்த மறுநாளே எண்ணைத் திருத்தினேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதிவிட்டேன். இது ஏழாவது. வேலை போகவில்லை, பெயர்தான் போயிற்று. பதினொரு குடும்பங்களும் மேட்டில் புது வீடுகளில் இருக்கின்றன. நம் வீட்டை மட்டும் இடிக்காமல், பறவைகள் தங்கட்டும் என்று வரைபடத்தில் விட்டுவைத்தேன். போன வாரம் ஏரி நிறைந்தது. நீ நட்ட குச்சிகளில் வந்து நின்றது, விரற்கடைகூட விலகாமல்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நீர் சரியாகக் கோட்டில் நின்றது. ஆணியில் டியூப் இன்னும் தொங்கியது. வேறு ஒன்றுமில்லை. நான் அனுப்பிய ஆறு கடிதங்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. "எல்லாத்தையும் உங்க வாசல்லதாம்மா போட்டேன்" என்று தபால்காரர் சத்தியம் செய்கிறார்.

நேற்று என் அறைச் சுவரில் ஈரக் கோடு வந்திருக்கிறது. மூன்றாம் மாடி. பாசி வாசனை. போன முறை கோடு வந்தது என் பொய்யால் என்பதால், அலுவலகத்தில் நான் எழுதிய எண்கள் அனைத்தையும் மறுபடி சரிபார்த்தேன். எதிலும் பொய்யில்லை. பொய்யாக நான் எழுதுவது இந்த உறையின்மேல் உள்ள முகவரி ஒன்றைத்தான், நீ இன்னும் அங்கே இருப்பதுபோல.

அப்படியென்றால் நீ அங்கே, அந்தத் தண்ணீரில் இல்லை; வேறெங்கோ இருக்கிறாய். இந்தக் கோடு ஒன்றுதான் எனக்கு அதைச் சொல்கிறது. சுண்ணாம்பு அடிக்காமல் வைத்திருக்கிறேன்.

தினமும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்துவிடக் கூடாதே என்று.

அக்கா